ஸ்பேர் வண்டி

ஒன்பதாவது ஆளும் வேலையை விட்டுப் போன செய்தி வந்தபோது செல்வக்கனியின் கையில் ஒரு குழாய் பசும்பால் இருந்தது. நியூசிலாந்தில் ஹாமில்டன் ஊரில் உள்ள பால் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. பாலில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு சொட்டில் சொல்லிவிடுவாள். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சாத்தூரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு ஓர் ஆளை நிறுத்திவைக்கத்தான் அவளால் முடியவில்லை.

அப்பா தவசிலிங்கம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதிவைப்பது அந்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் மனுஷன் நோட்டை மூடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் எந்த வண்டியில் வந்தாய், எத்தனை மணிக்கு இறங்கினாய் என்று கேட்டு எழுதுவார். எழுபத்து நாலு வயதில் ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு போயிற்று. நோட்டுப் பழக்கம் மட்டும் போகவில்லை.

பார்த்துக்கொள்ள வரும் பெண்களுக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்பேர்'. வழக்கமான வண்டி ரிப்பேராகி நின்றால் அதற்குப் பதிலாக அனுப்பும் வண்டிக்கு டிப்போவில் அதுதான் பெயர். ஸ்பேர் வந்தால் எழுதிக்கொள்வார், ஆனால் உட்காரச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு காலையும் வந்த ஆள் அவருக்குப் புது ஆள்தான். ஒருத்தியைக் கொல்லைப்புறத்தில் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். இன்னொருத்தியைக் கையோடு கூட்டிப்போய்க் கோவில்பட்டி வண்டியில் ஏற்றி, கண்டக்டரிடம் பத்திரமாக இறக்கிவிடச் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு வீடு என்னவோ அடுத்த தெருவில்.

இவர்களில் யார் சோறு போட்டாலும் சாப்பிட மாட்டார். செல்வக்கனி போனில் வந்து, "அய்யா, சாப்பிடுங்க" என்றால் மட்டும் கை தட்டுக்குப் போகும். சாத்தூரில் காலைச் சாப்பாட்டு நேரம் ஹாமில்டனில் பிற்பகல் மூன்று மணி. தினமும் அந்த நேரத்தில் அவள் பால் குழாய்களுக்கு நடுவில் நின்று, "இன்னும் ஒரு தோசை அய்யா, ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். கூட வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

இந்த நிலைமையில்தான் கிருபாகரன் வந்து சேர்ந்தான். முதியோரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள உதவும் 'அருகாமை' என்ற நிறுவனத்தின் ஆள். சென்னைக்காரன். திரையில் எப்போது வந்தாலும் அப்போதுதான் குளித்து முடித்த மாதிரி இருப்பான்.

"மேடம், உங்க அப்பாவுக்கு ஆள் பிரச்சினை இல்ல, குரல்தான் பிரச்சினை" என்றான் கிருபாகரன். "உங்க குரல் ஒண்ணுக்குத்தான் அவர் கட்டுப்படறாரு. அந்தக் குரலை வீட்டுக்குள்ளயே கொண்டுவந்து வச்சுட்டா?"

"எப்படி? நான் இங்க இருக்கேன்."

"நீங்க அங்கயே இருங்க. குரல்பட்டைன்னு ஒண்ணு இருக்கு. வேலைக்கு வர்றவங்க கழுத்துல கட்டிக்குவாங்க. அவங்க வாயத் திறந்தா அவங்க சத்தம் வெளிய கேக்காது. அதே வார்த்தை உங்க குரல்ல கேக்கும்."

"அப்ப எங்கய்யா ஏமாந்துபோவாரு."

"சாப்பிடுவாரு, மேடம்."

அவள் ஒப்புக்கொண்டாள். மூன்று மணி நேரம் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, அவன் அனுப்பிய வாக்கியங்களையெல்லாம் படித்துக் குரலைக் கொடுத்தாள். அதன்பின் ஒரு படிவம்.

"அப்பாவ எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அய்யான்னு."

கிருபாகரன் நிமிர்ந்து பார்த்தான். "வேலைக்காரங்க கூப்பிடறது இல்ல மேடம். நீங்க கூப்பிடறது."

"நானுந்தான். எங்க பக்கம் பெத்த அப்பனையும் அய்யாம்போம், பஸ்ஸுல பக்கத்து சீட்டுல இருக்கவரையும் அய்யாம்போம்."

"படிவத்துல அப்பா இருக்கு, டாடி இருக்கு, நைனா, வாப்பா எல்லாம் இருக்கு. அய்யா மரியாதைச் சொல் பட்டியல்ல இருக்கு. சரி விடுங்க, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சிரித்தபடி சொன்னால் அந்த வேலை நடக்காது என்பது செல்வக்கனிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்பது பேர் ஓடிப்போன களைப்பில் அவளுக்கு அது தோன்றவில்லை.

பத்தாவது ஆளாக வந்தவள் மாரீஸ்வரி. முப்பத்தைந்து வயது. வேலை பார்த்த தீப்பெட்டித் தொழிற்சாலை மூடிய பிறகு இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்தவள். முதல் நாள் காலை கழுத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். நிறுவனத்தார் வீட்டுக்குள் நாலு மூலையிலும் கேமராக் கண்ணும் ஒலிவாங்கிக் காதும் வைத்திருந்தார்கள். செல்வக்கனி ஹாமில்டனில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"யாரு?" என்றார் தவசிலிங்கம்.

"நாந்தான் அய்யா, கனி" என்றாள் மாரீஸ்வரி, செல்வக்கனியின் குரலில்.

அவர் வந்தவளின் முகத்தைப் பார்த்தார். முகம் ஒத்துவரவில்லை. இன்னொரு தடவை பேசச் சொல்லிக் கேட்டார். குரல் ஒத்துவந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முகத்தை விட்டுவிட்டார். நோட்டை எடுத்து 'கனி, 8.02' என்று எழுதினார். ஸ்பேர் என்று எழுதவில்லை. அன்று நாலு தோசை சாப்பிட்டார்.

செல்வக்கனி பரிசோதனைக் கூடத்துக் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தாள். சந்தோஷம்தான். முழுக்கச் சந்தோஷம் என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருக்க மாட்டாள்.

தூரத்திலிருந்து நிர்வாகம் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, பட்டியல் போடுவது. செல்வக்கனி முப்பத்தோரு விதிகள் எழுதி அனுப்பினாள். முதல் விதி, பட்டையை மறக்காமல் தினமும் சார்ஜில் போடவும். ஏழாவது விதி, சட்டைப் பொத்தானை அவரே போடட்டும், அவசரப்படுத்தக் கூடாது. மாரீஸ்வரி எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இதுல பாதி எனக்குத் தெரியும், மீதி அய்யாவுக்கே தெரியும்" என்று பதில் அனுப்பினாள்.

வீட்டைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு நிறுவனம் ஏதோ அழகான பெயர் வைத்திருந்தது. மாரீஸ்வரி அதைக் கங்காணி என்பாள், அதுவே நிலைத்துவிட்டது. கங்காணி வாராவாரம் அறிக்கை அனுப்பும். முதல் வார அறிக்கையின் கடைசி வரி: 'குடும்பத்தினர் அழைப்பு: இல்லை. பெரியவரிடம் அடிக்கடி பேசுங்கள். அன்பு அவசியம்.'

அந்த வாரம் செல்வக்கனி பதினெட்டு தடவை பேசியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிருபாகரனைக் கூப்பிட்டாள்.

"அது வந்து மேடம், பட்டையில வர்ற குரலும் உங்க குரல், போன்ல வர்றதும் உங்க குரல்" என்று விளக்கினான் அவன். "கங்காணியால ரெண்டையும் பிரிக்க முடியல. அதனால வார்த்தைய வச்சுப் பிரிக்குது. அப்பான்னா குடும்பம், அய்யான்னா பணியாளர். பேசாம நீங்க அப்பான்னு கூப்பிடுங்களேன்?"

அதையும் செய்து பார்த்தாள். மறுநாள் போனில், "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

"நல்லா இருக்கேம்மா. யாரு பேசுறது?" என்றார் தவசிலிங்கம், ரொம்ப மரியாதையாக.

அதோடு அதை விட்டுவிட்டாள். அன்பு அவசியம் என்று ஒரு மென்பொருள் வாராவாரம் புத்தி சொல்வதைக் கேட்டுக்கொள்ளப் பழகினாள்.

பழகமுடியாதது வேறொன்று. பிற்பகலில் வேலைக்கு நடுவே போனில் சாத்தூர் வீட்டைத் திறந்து காதில் வைத்துக்கொள்வாள். தன் குரல் அங்கே தாராளமாகப் புழங்கிக்கொண்டிருக்கும். "ஏ அய்யா, இந்தச் சட்டைய இன்னைக்கும் போட்டீகன்னா பக்கத்து வீட்டுக்காரவுக ஊரக் காலி பண்ணிருவாக" என்று தன் குரல் சொல்லும். அவர் சிரிப்பார். தன் குரல் கூடச் சிரிக்கும். நிஜச் செல்வக்கனி வாழ்நாளில் அவரிடம் அப்படிப் பேசியது கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண், காய்ச்சலுக்கு மாத்திரை, பஸ் நேரம், இவைதான் அவர்களுக்குள் பேச்சு. அம்மா இறந்த பிறகு அதிலும் பாதி குறைந்துவிட்டது.

அப்புறம் கல்யாணம். தூத்துக்குடிப் பையன் ஜெரோமைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்றபோது தவசிலிங்கம் கத்தவில்லை. மதம் வேறு, சாதி வேறு என்று வாதம் செய்யவில்லை. மதுரையில் கல்யாணம், காலை பத்தரைக்கு முகூர்த்தம் என்று சொன்னதும், "அன்னைக்கு எனக்கு டூட்டி இருக்கு" என்றார். அவ்வளவுதான். சாத்தூரிலிருந்து மதுரை ஒன்றரை மணி நேரம். அவர் வரவில்லை. அதற்குப் பிறகு பதினேழு வருஷம் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு நாள் சொல்வார், அன்றைக்கு முதலில் நன்றாகக் கோபப்பட்டுவிட்டுப் பிறகு மன்னிப்போம் என்று அவள் மனசுக்குள் எடுத்துவைத்திருந்தாள்.

பட்டை வந்து ஐந்தாவது மாதம், தேநீர் இடைவேளையில் சாத்தூர் வீட்டுக் காதைத் திறந்தபோது தவசிலிங்கம் அழுதுகொண்டிருந்தார்.

"கனி, ஒன் கல்யாணத்துக்கு நான் வரலத்தா. தப்பு பண்ணிட்டேன்."

செல்வக்கனி கோப்பையைக் கீழே வைத்தாள். பதினேழு வருஷம் காத்திருந்த வார்த்தை. வாயைத் திறந்தாள். அதற்குள் சாத்தூரில் அவள் குரல் முந்திக்கொண்டது.

"அட, அதப் போயி இன்னுமா நெனச்சுக்கிட்டு இருக்கீக? எனக்கு ஒரு வருத்தமும் இல்ல அய்யா. அப்பவே மன்னிச்சாச்சு. மூக்கச் சிந்துங்க."

அவர் மூக்கைச் சிந்தினார். விஷயம் முடிந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாரீஸ்வரியைக் கூப்பிட்டாள். வேலை நேரம் என்பதால் மாரீஸ்வரி கொல்லைப்புறத்துக்குப் போய்ப் பட்டையோடேயே பேசினாள். இரண்டு பக்கமும் ஒரே குரலில் சண்டை நடந்தது. ஜெரோம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று புரியாமல் திரும்பிப் போய்விட்டான்.

"நீ யாரு மன்னிக்க? அது என் மன்னிப்பு" என்றாள் செல்வக்கனி.

"பின்ன என்னக்கா செய்யச் சொல்றீக?" என்றாள் மாரீஸ்வரி. "கையப் புடிச்சுக்கிட்டு ஒரு மனுசன் அழுறாக. இருங்க அய்யா, நியூசிலாந்துக்கு ரிங் போட்டுக் கேட்டுட்டு வாரேன்னா சொல்ல முடியும்?"

"ஒரு நிமிஷம் பேசாம இருந்திருக்கலாம்ல?"

"முப்பத்தோரு விதியில அது இல்லையே." பிறகு மாரீஸ்வரி குரலைத் தணித்தாள். செல்வக்கனிக்குத் தன் குரலே தணிந்து கேட்டது. "அவுக ஒங்ககிட்டயே கேட்டிருந்தா நீங்க மன்னிச்சிருக்க மாட்டீகளா?"

"மன்னிச்சிருப்பேன்."

"அதத்தானக்கா நானும் சொன்னேன்."

"ஏன் வரலைன்னு முதல்ல கேட்டிருப்பேன்" என்றாள் செல்வக்கனி.

"இந்தப் பட்டை எனக்கும் ஒண்ணும் மாலை மரியாதை இல்லக்கா" என்றாள் மாரீஸ்வரி. "போன வாரம் என் மவ பள்ளிக்கூடத்துல இருந்து போன் போட்டா. பட்டையோட எடுத்துட்டேன். ராங் நம்பர்னு வச்சுட்டா. சாயங்காலம் இதக் கழட்டுனா என் கொரலே எனக்கு அசலூர்க்காரி கொரலாட்டம் இருக்கு."

குரல் கொடுத்தவளிடம் மூன்று பக்கம் ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். குரலை அடக்கிவைக்க வேண்டியவளிடம் ஒரு கையெழுத்துக்கூட வாங்கவில்லை என்பது செல்வக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் போனில் அப்பாவிடம், "அய்யா, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"அதான் எல்லாம் பேசி முடிச்சாச்சே. நீதான் சரின்னுட்டயே" என்றார் அவர். என்ன பேசினோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. பாரம் இறங்கியது மறக்கவில்லை. இப்போதெல்லாம் அவர் நன்றாகத் தூங்குவதாகக் கங்காணி அறிக்கை அனுப்பியது.

செல்வக்கனி மூன்று வாரம் விடுப்பு எழுதிக்கொடுத்தாள். நேரில் போய் அவர் முன்னால் உட்கார்ந்து ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவது, அந்தப் பதில் இல்லாமல் திரும்புவதில்லை. விமானத்தில் போகும்போது கேள்வியை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

மதுரையில் இறங்கி, கார் பிடித்து, காலை ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் நின்று, "அய்யா" என்று கூப்பிட்டாள்.

"வணக்கம்" என்றது கதவில் இருந்த கங்காணி. "புதிய பணியாளர் வருகை பதிவாகிறது. குரல்பட்டை அணிந்துகொண்டு உள்ளே வரவும்."

அதைத் திட்டிவிட்டு உள்ளே போனாள். தவசிலிங்கம் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் மாரீஸ்வரி அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அய்யா, நான் கனி வந்திருக்கேன்."

அவர் இவளைப் பார்த்தார். மாரீஸ்வரியைப் பார்த்தார். மறுபடி இவளைப் பார்த்து, முகம் மலரச் சிரித்தார்.

"கனி, கேட்டியா? ஒன்ன மாதிரியே பேசுதே இந்தப் பொண்ணு" என்றார் மாரீஸ்வரியிடம். "கொரல் அப்படியே இருக்கு. பேச்சுதான் படியல. படிச்சவுக பேச்சு." பிறகு இவளிடம், "நல்ல மிமிக்ரிம்மா. பொருட்காட்சியில செய்யலாம். எந்த வண்டில வந்த?" என்றார்.

மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். செல்வக்கனி, "நான்தான் அய்யா உங்க மக" என்று இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தடவை அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மூன்றாம் தடவை நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "கனி, இந்தம்மாவப் போகச் சொல்லு" என்றார். அவர் பயந்துவிட்டார். தன்னைக் கண்டு அப்பா பயப்படுவதைப் பார்க்க முடியாமல் அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே வந்த மாரீஸ்வரி பட்டையைக் கழற்றினாள். செல்வக்கனி அவளுடைய சொந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். கொஞ்சம் கட்டையான, சற்றே கரகரத்த, நல்ல குரல்.

"நான் போயிர்றேன்க்கா. ரெண்டு நாள் நான் இல்லேன்னா ஒங்க கொரல் ஒங்ககிட்டயே வந்துரும்."

செல்வக்கனிக்கு ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள். ஆனால் அதற்குப் பிறகு? மூன்றாம் வாரம் அவள் போய்விடுவாள். பழகிய கனியும் இல்லாமல், வந்த கனியும் இல்லாமல் அவர் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்த்தாள். அடுத்த ஸ்பேரைக் கோவில்பட்டி வண்டியில் ஏற்றுவார். சாப்பிட மாட்டார்.

"நீ போகவேணாம்" என்றாள். "பெட்டியில மாத்துப் பட்டை ஒண்ணு இருக்குல்ல? பயிற்சியில உன் குரலப் பதிஞ்சிருப்பாங்களே?"

"பதிஞ்சாக."

"அத எனக்குக் குடுப்பியா? எனக்கு ஒரு குரல் வேணும். என் குரலுக்கு இங்க ஆள் இருக்கு."

"என் கொரலா? அது யாருக்கு வேணும்?" என்று மாரீஸ்வரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எடுத்துக்கோங்கக்கா. யாரும் இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

மறுநாள் காலை எட்டு மணிக்கு, மாரீஸ்வரியின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மாரீஸ்வரியின் குரலில், "கும்பிடுறேன் அய்யா" என்றபடி செல்வக்கனி தன் வீட்டுக்குள் வேலைக்கு வந்தாள்.

"எந்த வண்டி?" என்றார் தவசிலிங்கம்.

"மதுரை வண்டி அய்யா."

நோட்டில் 'ஸ்பேர், 8.00' என்று எழுதினார். முந்தின நாளின் மிமிக்ரிக்காரி அவருக்கு ஞாபகம் இல்லை. "கனிக்கு ஒத்தாசையா இரு" என்றார்.

அந்த வாரம் செல்வக்கனி தான் எழுதிய முப்பத்தோரு விதிகளையும் ஒவ்வொன்றாக மீறினாள். பொத்தான் போட அவர் எடுத்துக்கொண்ட பத்து நிமிஷத்தைத் தாங்கமுடியாமல் மூன்றாம் நாளே தானே போட்டுவிட்டாள். முகம் மழிக்கும்போது தாடையில் கீறிவிட்டாள். "புது ஆளு, அப்படித்தான் இருக்கும்" என்று அவர் சமாதானம் சொன்னார். மகளிடம் இல்லாத பொறுமை வேலைக்காரியிடம் அவருக்கு இருந்தது. டீ கொடுத்தால் நீ குடித்தாயா என்று கேட்டார். உனக்கு எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் நல்லவரா என்று விசாரித்தார். நல்லவர் என்று அவள் சொன்னதும், "அது போதும்த்தா" என்றார்.

ஏழாம் நாள். காலை பதினொன்று இருக்கும். மாரீஸ்வரி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். செல்வக்கனி அவருக்குக் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எம் மக கனி இருக்காளே, பெரிய மனசு அவளுக்கு" என்று ஆரம்பித்தார் தவசிலிங்கம். "அவ கல்யாணத்துக்கு நான் போகல. அதையும் மன்னிச்சுட்டா."

செல்வக்கனியின் கை நின்றது. "ஏன் அய்யா போகல?" என்று கேட்டாள். நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்த கேள்வி, ஒரு வேலைக்காரி பொழுதுபோகாமல் கேட்பது போல வெளியே வந்தது.

"டூட்டின்னு சொன்னேன். டூட்டியே கிடையாது. அன்னைக்கு லீவு போட்டிருந்தேன். புதுச் சட்டை போட்டுக்கிட்டு, அவ அம்மா சங்கிலிய ஒரு பொட்டலமா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, காலைல ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். வண்டி வந்துச்சு. ஏறல. அடுத்ததுல ஏறுவோம்னு உக்காந்தேன். அதுலயும் ஏறல. சாதிசனம் என்ன சொல்லும்னு ஒரு பக்கம். அவ என்ன நெனப்பான்னு ஒரு பக்கம். பத்தரை வரைக்கும் மதுரைக்கு இருபத்திரெண்டு வண்டி போச்சு. அத்தனையும் எழுதி வச்சிருக்கேன். ஒண்ணுலயும் ஏறலத்தா."

அவர் அழவில்லை. வேறு யாரோ தவறவிட்ட வண்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தார்.

"இதக் கனிகிட்ட சொன்னீங்களா?"

"ஐயோ, அவகிட்ட எப்படிச் சொல்ல? எங்கய்யா வீம்புக்கு வரலைன்னு நெனச்சா கோவம் வரும், ஆறிப்போகும். பயந்துக்கிட்டு அங்கனயே உக்காந்திருந்தேன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா. நீ வெளி ஆளு, அதனால சொல்றேன். அவகிட்ட சொல்லிராத."

செல்வக்கனி அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயில் கை வழுக்கியது. பதினேழு வருஷமாக எடுத்துவைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள். இருந்த இடத்தில் இல்லை.

"சொல்ல மாட்டேன் அய்யா" என்றாள்.

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். ஈரக்கையோடு உள்ளே வந்த மாரீஸ்வரி இவள் கழுத்தையே பார்த்தாள்.

"அக்கா, பச்சை லைட்டு எரியல."

செல்வக்கனி பட்டையைக் கழற்றிப் பார்த்தாள். செத்துக் கிடந்தது. முந்தின சாயங்காலம் சார்ஜில் போடவில்லை. முதல் விதி.

"எப்ப இருந்து?" என்றாள் மாரீஸ்வரி.

போனை எடுத்துப் பார்த்தால் கங்காணி செய்தி அனுப்பியிருந்தது. 'பட்டை எண் இரண்டு, காலை 9.40 முதல் இயங்கவில்லை.' அதன் கீழே இன்னொன்று. 'புதிய பணியாளரைப் பெரியவர் ஏற்றுக்கொண்டார். நிரந்தரம் செய்யலாமா?'

ஆக, பதினொரு மணிக்கு ஏன் அய்யா போகல என்று கேட்டது அவளுடைய சொந்தக் குரல். சொல்ல மாட்டேன் அய்யா என்றதும் அதே குரல்தான்.

"தெரிஞ்சுதான் பேசுனாகளோ?" என்றாள் மாரீஸ்வரி மெல்ல.

"தெரியல" என்றாள் செல்வக்கனி. உண்மையிலேயே தெரியவில்லை.

முன்னறையிலிருந்து சத்தம் வந்தது. "ஸ்பேரு, இங்க வா."

பட்டையை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுப் போனாள். தவசிலிங்கம் மடியில் நோட்டை விரித்து, பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஒரு வாரம் ஒழுங்கா எட்டு மணிக்கு வந்திருக்க. இனி நீ ஸ்பேர் இல்ல, ரெகுலர். ரெகுலருக்குப் பேரு எழுதணும். ஒம் பேரென்ன?"

செல்வக்கனி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாரீஸ்வரி" என்றாள், தன் குரலில்.

ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடித்தார். ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

"நல்ல பேரு. எம் மக பேரு அளவுக்கு இல்ல, இருந்தாலும் நல்ல பேருதான்." பேனாவை மூடினார். "நாளைக்கும் எட்டு மணிக்கு வந்துரு. லேட்டா வந்தா எழுதிப்புடுவேன்."

"லேட்டாகாது அய்யா" என்றாள் செல்வக்கனி.